காமிராவின் முகத்திலுள்ள வளையம்

காமிரா ஒன்று வாங்க வேண்டும் என்னும் விருப்பம் ஒருவருக்கு உண்டாகிவிட்டால், அவர் முதலில் விளம்பரங்களைப் படிக்கிறார். பிறகு நண்பர்களைக் கேட்கிறார். இறுதியில் கடைக்குச் செல்கிறார். மூன்று இடங்களிலும் அவர் காதில் விழுவது பெட்டியைப் பற்றிய பேச்சுத்தான். எத்தனை கோடிப் புள்ளிகளைப் பதிக்கும், ஒரு நொடியில் எத்தனை படம் எடுக்கும், இருட்டில் எவ்வளவு காணும் என்பனவே அங்கெல்லாம் அளக்கப்படுகின்றன. அப்பெட்டியின் முகத்தில், லென்ஸ் எனப்படும் வில்லையைப் பொருத்தித் திருகும் இடத்தில், பளபளப்பான உலோக வளையம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அம்மனிதரிடம் உள்ள கருவிகள் கையில் இருக்குமா, பரணில் கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வளையமே.

கடைக்காரர்கள் அதனை "மவுண்ட்" என்பர். தமிழில் பூட்டு வளையம் எனலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வளையத்தை வகுத்துக்கொண்டுள்ளது. ஒரு வளையத்துக்கென்று செய்த வில்லை மற்றொரு வளையத்தில் நேராகப் பொருந்தாது. ஆகவே ஒரு பெட்டியை வாங்குகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு வில்லைக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொள்கிறார். மாப்பிள்ளையின் நிறத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, குடும்பம் எப்படிப்பட்டது என்று விசாரிக்காமல் பெண் கொடுப்பார் உண்டா? காமிரா விஷயத்தில் பலரும் அதைத்தான் செய்கின்றனர்.

பெட்டியைவிட வில்லைக்கு இவ்வளவு முதன்மை ஏன் எனலாம். இக்காலப் பெட்டி ஒரு கணிப்பொறி. ஐந்தாறு ஆண்டுகளில் அதனினும் வல்லது வந்துவிடும், விலையும் சரிந்துவிடும். வில்லையோ கண்ணாடியும் உலோகமும் ஆனது. ஒளியின் இயல்பு மாறாதாகையால், நன்றாகச் செய்யப்பட்ட வில்லை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நல்ல படம் தரும். ஒருவர் தம் வாழ்நாளில் மூன்று பெட்டிகளையும் நான்கு வில்லைகளையும் வாங்குவாரானால், பெட்டிகள் வந்து போகும், வில்லைகள் தங்கும். தங்கும் பொருளுக்கு ஏற்ற இடம் எது என்பதே அமைப்பைத் தேர்தல் என்பதன் பொருள்.

(பிள்ளைகளின் பிறந்தநாளையும் வகுப்பறைக் காட்சிகளையும் மட்டும் எடுக்க விரும்புவோர்க்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. கைப்பேசி போதும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.)

ஒரு மில்லிமீட்டர் செய்த உபகாரம்

இவ்வளையத்தின் கதை ஜெர்மனியில், வெட்ஸ்லார் நகரில் தொடங்குகிறது. அங்கே லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக் என்பவர், சினிமாப் படச்சுருளைக் கொண்டு கைக்கடக்கமான காமிரா ஒன்றை உருவாக்கினார். ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். லைக்கா என்னும் பெயரோடு அது 1925-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் வில்லை கழற்ற இயலாதது. 1930-இல் கழற்றி மாற்றும் வில்லைகள் வந்தன. ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்குரிய வில்லைகளைத் தொழிற்சாலையிலேயே தனித்தனியாக ஒப்பிட்டுச் சரிசெய்து தர வேண்டியிருந்தது. ஒருவருடைய வில்லை இன்னொருவருடைய பெட்டிக்கு உதவாது. அடுத்த ஆண்டிலேயே நிறுவனம் ஓர் அளவை நிலைநிறுத்தியது. திருகின் அகலம் 39 மி.மீ.; வளையத்தின் விளிம்பிலிருந்து படச்சுருள் வரையுள்ள ஆழம் 28.8 மி.மீ. இவ்வளவுக்கு இணங்கிய பெட்டிகளின் வளையத்தில் "0" என்னும் குறி பொறிக்கப்பட்டது. எந்த வில்லையும் எந்தப் பெட்டியிலும் பொருந்தும் என்பதற்கு அச்சுழி ஒரு சாட்சி. காமிரா, அமைப்பு என்னும் நிலையை அடைந்தது அந்நாளில்தான் எனலாம்.

அந்த ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அறிந்தாலன்றி மேலே கூறப்போவது விளங்காது. தொலைவிலுள்ள மலையைத் தெளிவாகக் காட்ட வேண்டுமானால் வில்லை படச்சுருளிலிருந்து குறித்த தூரத்தில் நிற்க வேண்டும். அருகிலுள்ள பொருளைக் காட்ட வேண்டுமானால் சற்று முன்னே நகர வேண்டும். வில்லைக்குழலைத் திருகும்போது நிகழ்வது பெரும்பாலும் இந்நகர்ச்சியே. ஆகவே பெட்டியின் ஆழம் வில்லை எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால் இடையில் ஒரு வளையத்தை வைத்து ஈடுசெய்யலாம். மிகுதியாக இருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வில்லையைப் பெட்டிக்குள்ளே அமிழ்த்தவா முடியும்?

1954-இல் லைக்கா நிறுவனம் எம் 3 என்னும் புதிய காமிராவை வெளியிட்டது. திருகி ஏற்றும் வளையத்தை விட்டு, அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாற் பூட்டிக்கொள்ளும் புது வளையத்துக்கு மாறியது. பழைய வில்லைகளை வைத்திருந்தோர் கதி என்ன? புதிய வளையத்தின் ஆழம் 27.8 மி.மீ. என்று வைக்கப்பட்டது, பழையதைவிடச் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய வளையத்தை இடையிற் செருகினால் பழைய வில்லைகள் அத்தனையும் புதுப் பெட்டியில் வேலை செய்தன. லைக்கா இன்றும் எம் வளையக் காமிராக்களைச் செய்து வருகிறது. 1930-களின் வில்லை ஒன்றை 2022-இல் வந்த எம் 11 என்னும் மின்னியல் காமிராவில் பூட்டிப் படம் எடுக்கலாம். லைக்காவின் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது என்பது வேறு; அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்த முன்யோசனைக்கு விலை இல்லை.

இரண்டு மில்லிமீட்டர் செய்த தொல்லை

ஜப்பானில் வேறொரு கதை நடந்தது. கெனான் நிறுவனம் 1971-இல் எஃப்டி என்னும் வரிசை வில்லைகளை வெளியிட்டது. உலகெங்கும் பொழுதுபோக்காகப் படம் எடுப்போர் அவற்றை விரும்பி வாங்கிச் சேர்த்தனர். அவ்வளையத்தின் ஆழம் 42 மி.மீ. 1987-இல், தானாகவே குவியத்தைக் கூட்டும் ஈஓஎஸ் காமிராக்களோடு ஈஎஃப் என்னும் புதிய வளையத்தைக் கெனான் கொண்டுவந்தது. அதன் ஆழம் 44 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் மிகுதி.

பழைய 50 மி.மீ. வில்லையைப் புதுப் பெட்டியின் முன் வைத்தால், அது நிற்க வேண்டிய இடத்திலிருந்து 2 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 1.3 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் அதில் தெளியாது. எதிர் நாற்காலியில் அமர்ந்தவர் தெரிவார். அவருக்குப் பின்னுள்ள சுவர் தெரியாது. இடையில் ஒரு கண்ணாடியைச் செருகி இக்குறையை ஓரளவு போக்கலாமெனினும் படத்தின் தரம் கெடும். பதினாறு ஆண்டுகளாகச் சேர்த்த வில்லைகளோடு பழைய பெட்டியிலேயே இருப்பது, அல்லது எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்னும் இரண்டே வழிகள் அவற்றை வைத்திருந்தோர்க்கு எஞ்சின.

கெனான் செய்தது துரோகமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. புதிய வளையத்தின் வாய் 54 மி.மீ. அகலம். பெட்டிக்கும் வில்லைக்கும் இடையே நெம்புகோல், பல்சக்கரம் எதுவும் இல்லை, மின்தொடர்பு மட்டுமே. குவியத்தைக் கூட்டும் மோட்டாரை ஒவ்வொரு வில்லையின் உள்ளேயும் வைத்தனர். பெரிய தொலைவில்லைகளுக்கு அம்முறை மிகவும் ஏற்றதாயிற்று. 1990-களில் பெரிய பந்தயத் திடல்களின் ஓரத்தில் வெள்ளை நிறக் குழல்கள் வரிசையாகத் தென்பட்டனவே, அவை பெரும்பாலும் கெனானின் ஈஎஃப் வில்லைகள். அந்த வளையம் 31 ஆண்டுகள் கெனானின் தலைமை வளையமாக நின்றது. 1986-இல் எஃப்டி வில்லை வாங்கியவர் நட்டப்பட்டார். 1988-இல் ஈஎஃப் வில்லை வாங்கியவர் நெடுங்காலம் பயன்பெற்றார்.

நிக்கான் நிறுவனமோ எதிர்வழியிற் சென்றது. (1936-இல் வந்த கெனானின் முதற் காமிராவுக்கு வில்லை செய்து தந்தது, பின்னாளில் நிக்கான் எனப்பட்ட நிறுவனமே என்பது பலர் அறியாதது. பங்காளிகள் பிற்காலத்தில் போட்டியாளர் ஆயினர்.) 1959-இல் நிக்கான் எஃப் காமிராவோடு வந்த எஃப் வளையம், ஆழம் 46.5 மி.மீ., தானியங்கிக் குவியம் வந்த 1986-இலும் மாறவில்லை. மின்னியல் காமிராக்கள் வந்தபோதும் மாறவில்லை. நிக்கான் வாக்குத் தவறாது என்று அதன் அன்பர்கள் பெருமையோடு கூறுவர்.

அப்பெருமையிலும் ஓர் ஓட்டை உண்டு. வளையத்தின் வடிவம் மாறவில்லையே தவிர, அதன் வழியே நடக்கும் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. 1986-க்குப் பின் வந்த நிக்கானின் தானியங்கி வில்லைகளிற் பல, பெட்டிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பியவை. 2006-இல் வந்த டி 40 என்னும் மலிவுக் காமிராவில் அம்மோட்டார் இல்லை. வில்லை பூட்டிக்கொள்ளும்; ஆனால் குவியத்தைக் கையால்தான் கூட்ட வேண்டும். பொருந்துகிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு. பழைய வில்லை வாங்கும்போது கடைக்காரர் "பொருந்தும்" என்று சொன்னால், "எதெது வேலை செய்யும்?" என்று மீண்டும் ஒருமுறை கேட்பது நல்லது.

ஆடி போனது, ஆழம் குறைந்தது

எஃப், ஈஎஃப் வளையங்களுக்கு ஏன் அத்துணை ஆழம் தேவைப்பட்டது? அக்காமிராக்களின் உள்ளே சாய்வாக ஒரு ஆடி இருந்தது. வில்லை வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும் கணத்தில் மேலே எழும்பி வழிவிடும். அந்த ஆடி ஆடுவதற்கு இடம் வேண்டும். மின்திரையிலேயே காட்சியைக் காணும் வழி வந்ததும் ஆடி தேவையற்றதாயிற்று, ஆழமும் குறைந்தது. 2008-இல் ஒலிம்பஸ், பானசோனிக் நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த மைக்ரோ போர் தேர்ட்ஸ், 2010-இல் சோனி கொண்டுவந்த ஈ வளையம், 2012-இல் பூஜிபிலிமின் எக்ஸ் வளையம் ஆகியன இவ்வகையின. நிக்கானும் கெனானும் 2018-இல் அடுத்தடுத்து முழு அளவுத் தகட்டுக்கான புதிய வளையங்களை வெளியிட்டன. நிக்கானின் இசட் வளைய ஆழம் 16 மி.மீ.; கெனானின் ஆர்எஃப் வளைய ஆழம் 20 மி.மீ.

இம்முறை பழையவர்கள் கைவிடப்படவில்லை. ஆழம் குறைந்ததனால் இடைவளையம் வைக்க இடம் கிடைத்தது. நிக்கானுக்கு 30.5 மி.மீ., கெனானுக்கு 24 மி.மீ. நீளமுள்ள குழாய்தான் அவ்விடைவளையம், அடாப்டர் என்பர். தமிழாசிரியர்க்கு இதனை விளக்குவது எளிது. மரம் என்னும் சொல்லோடு "ஐ" உருபு நேரே ஒட்டாமல், அத்துச் சாரியை நடுவில் வந்து "மரத்தை" என்று முடிகிறதன்றோ? சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை. இரண்டையும் இணைத்து வைப்பதே அதன் தொழில். இடைவளையமும் அத்தகையதே. அதற்குள் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது, காற்றும் மின்கம்பிகளும்தான். கெனானின் ஈஎஃப் வில்லைகள் மின்தொடர்பு மட்டும் கொண்டவையாதலின் இடைவளையத்தோடு குறையின்றி இயங்குகின்றன. 1987-இல் செய்த கடுஞ்செயலின் பயன் 2018-இல் கிடைத்தது. நிக்கான் விற்கும் இடைவளையத்திலோ மோட்டார் இல்லை. ஆதலால் பெட்டி மோட்டாரை நம்பிய பழைய வில்லைகள் இங்கும் கையால் திருகப்படவேண்டியவை ஆயின.

எனினும் கெனான் வீட்டிலேயே இன்னொரு பிள்ளை தெருவில் நின்றது. சிறு காமிராக்களுக்கென 2012-இல் ஈஎஃப்-எம் என்னும் வளையத்தை அது தொடங்கியிருந்தது. அதன் ஆழம் 18 மி.மீ. ஆர்எஃப் வளையமோ 20. மறுபடியும் அதே இரண்டு மில்லிமீட்டர்! எம் வில்லைகளை ஆர்எஃப் பெட்டியில் வைக்க வழியில்லை. 2023-இல் அவ்வரிசை நிறுத்தப்பட்டது. கையில் அடங்குகிறது, விலையும் குறைவு என்று அதனை வாங்கியவர்களிற் பலர் முதன்முறையாகக் காமிரா வாங்கிய பொழுதுபோக்காளர்கள். நிக்கான் 2011-இல் தொடங்கிய "நிக்கான் 1" என்னும் சிறு வளையம் 2018-இல் நின்றது. சாம்சங் 2010-இல் தொடங்கிய என்எக்ஸ் வளையமும் சில ஆண்டுகளே வாழ்ந்தது. இவற்றின் காமிராக்களிற் பல நல்ல காமிராக்களே. பெட்டியை மட்டும் சோதித்துப் பார்த்தவர் எவரும் குறை கண்டிருக்க மாட்டார்.

இவற்றை நோக்கினால் ஒன்று புலப்படும். ஒரு பெரிய நிறுவனம் தன் தலைமை வளையத்துக்குப் பக்கத்தில், மலிவுக்கென்று தனியாக ஒரு சிறு வளையத்தை வைத்திருக்குமானால், சிறியதிடம் எச்சரிக்கை வேண்டும். மலிவுப் பெட்டியும் விலையுயர்ந்த பெட்டியும் ஒரே வளையத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் அவ்வச்சம் குறைவு. ஒரே வளையத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டால் அதனினும் நன்று. ஒலிம்பஸ் நிறுவனம் 2021-இல் தன் காமிராத் தொழிலைக் கைமாற்றிவிட்டது; புதிய உரிமையாளரின் கீழ் அது ஓஎம் என்னும் பெயரில் நடந்தது. பானசோனிக்கும் அதே வளையத்தில் இருந்தமையால் மைக்ரோ போர் தேர்ட்ஸ் வில்லைகள் அநாதையாகவில்லை. லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் 2018-இல் எல் வளையத்தைப் பொதுவாக்கிக்கொண்டதும் இவ்வகையே.

வில்லைகளை மட்டும் செய்து விற்கும் சிக்மா, டாம்ரான் போன்றவை ஒரு வளையத்துக்குச் செய்கின்றனவா என்பதும் பணப்பையைப் பொறுத்த கேள்வி. சோனி தன் ஈ வளையத்தின் அடிப்படை விவரங்களை 2011-இல் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் அவ்வளையத்தில் வில்லைகளின் தொகை பெருகி, விலையிலும் போட்டி உண்டாயிற்று. கெனானின் ஆர்எஃப் வளையத்தில் இந்நிலை மெல்லத்தான் வந்தது. 2024-இல் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று அதற்கு வில்லைகள் அறிவித்தன; அவையும் சிறு தகட்டுக் காமிராக்களுக்கு உரியவை.

தகட்டின் அளவும் பறவையின் கண்ணும்

சிறு தகடு என்றோம். படச்சுருளின் இடத்தில் இப்போது இருப்பது சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு. பர்னாக் வகுத்த 36-க்கு 24 மி.மீ. அளவே இன்றும் முழு அளவு எனப்படுகிறது. ஏ.பி.எஸ்.-சி தகடு பல காமிராக்களில் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ.; கெனானில் சற்றுச் சிறியது. மைக்ரோ போர் தேர்ட்ஸ் தகடு 17.3-க்கு 13 மி.மீ.; முழு அளவின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தகடு சிறிதானால் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதியும். அதனால் 300 மி.மீ. வில்லை மைக்ரோ போர் தேர்ட்ஸ் காமிராவில், முழு அளவுக் காமிராவின் 600 மி.மீ. வில்லை காட்டும் கோணத்தையே காட்டும்.

பிரேசர் மலைக்குப் பறவை பார்க்கச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 600 மி.மீ. கோணம் வேண்டும். கெனானின் ஆர்எஃப் வளையத்தில் எஃப் 4 அளவுள்ள 600 மி.மீ. வில்லை சுமார் 3.1 கிலோ எடை. விலையில் ஒரு மோட்டார் வண்டியே வாங்கலாம். ஒலிம்பஸ் செய்த 300 மி.மீ. எஃப் 4 வில்லை, தாங்கி நீங்கலாகச் சுமார் 1.27 கிலோ. மூன்றாவதாக, கெனான் 2020-இல் வெளியிட்ட 600 மி.மீ. எஃப் 11 வில்லை 930 கிராம்தான்; விலையும் மிகக் குறைவு. மூன்றும் பறவையை ஒரே பருமனில் காட்டுகின்றன. பின் வேறுபாடு எங்கே?

எஃப் எண் என்பது வில்லையின் குவியத் தூரத்தை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுத்த ஈவு. 600-ஐ 4 ஆல் வகுத்தால் துளை 150 மி.மீ.; 300-ஐ 4 ஆல் வகுத்தால் 75 மி.மீ.; 600-ஐ 11 ஆல் வகுத்தால் 54.5 மி.மீ. பறவையிடமிருந்து வரும் ஒளியை அள்ளுவது அத்துளையே. விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்று. ஆகவே ஒலிம்பஸ் வில்லை பெரிய வில்லை அள்ளும் ஒளியில் கால்பங்கையும், எஃப் 11 வில்லை எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் அள்ளுகின்றன. சிறு தகடு ஏதோ மாயம் செய்து 300-ஐ 600 ஆக்குகிறது என்பது விளம்பரப் பேச்சு. எடை குறைந்தது, ஒளியும் குறைந்தது. மேகம் கவிந்த மலைக்காட்டில், மரநிழலில் அமர்ந்த பறவையின் கண்ணைப் பிடிக்க ஒளி வேண்டும். வெயிலில் வட்டமிடும் பருந்துக்கு எஃப் 11 போதும். மூன்று கிலோவைத் தோளில் சுமந்து ஏறக்கூடியவர் எத்தனை பேர் என்பதும் கேள்வியே. ஐம்பது வயதைக் கடந்தோர்க்குப் பெரும்பாலும் நடுவில் உள்ளதே பொருந்தும். வீட்டில் கிடக்கும் பெரிய வில்லையைவிடத் தோளில் ஏறும் சிறிய வில்லை மிகுதியான படம் எடுக்கும்.

திருவிழாவும் பள்ளி நாடகமும் எடுக்க விரும்புவோர்க்குத் தேவை வேறு. பெட்டியோடு சேர்த்து விற்கும் வில்லை, 50 மி.மீ. அளவில் பல சமயம் எஃப் 5.6-க்கு மேல் திறவாது. தனியாக விற்கும் 50 மி.மீ. எஃப் 1.8 வில்லை அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி தரும். முன்னதில் ஆறில் ஒரு நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் பின்னதற்கு அறுபதில் ஒரு நொடி போதும். ஆறில் ஒரு நொடியில் பரதம் ஆடும் பிள்ளையின் கை மங்கிய கோடாகிவிடும். பெட்டியை மாற்றிப் பெறும் முன்னேற்றம் பெரும்பாலும் இவ்வளவு இராது. இவ்வில்லையோ அந்தந்தக் குடும்பத்தில் மலிவான வில்லைகளுள் ஒன்று. விலையுயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு வில்லைக்குக் காசில்லாமல் நிற்பது, ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது போன்றது.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுவது நன்று. எவற்றைப் படம் எடுக்கப் போகிறார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அவற்றுக்கு வேண்டிய இரண்டு மூன்று வில்லைகள் எவை, அவை எந்தெந்த வளையத்தில் என்ன விலைக்கும் என்ன எடைக்கும் கிடைக்கின்றன, பழைய சரக்காகக் கிடைக்குமா என்று விசாரிக்கட்டும். அத்தொகையைக் கூட்டிய பிறகு, மிஞ்சிய பணத்துக்கு அந்த வளையத்தில் எந்தப் பெட்டி வருமோ அது வரட்டும். கையில் எடுத்துப் பார்த்து, விரல்கள் பொத்தான்களைத் தாமாகத் தேடிச் செல்கின்றனவா என்று காணவேண்டியது அதன் பின்னரே. ஊரில் நண்பர்கள் எந்த வளையத்தை வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்கலாம். இரவல் வாங்கிப் பார்க்காமல் எந்தப் பெரிய வில்லையையும் வாங்கலாகாது.

பழைய சரக்கு வாங்குவோர் இந்நாட்டில் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இருளும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வில்லையின் கண்ணாடிமேல் பூஞ்சை படரும். முதலில் சிலந்தி நூல்போல் மெல்லிய இழைகள் தோன்றும். நாளடைவில் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது பாதுகாப்பன்று. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் மின்பேழைகள் காமிராக் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு வசதியில்லாதோர், இறுக மூடும் நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை ஈரம் குடித்து நிறம் மாறும்போதெல்லாம் மாற்றி வரலாம். அமைப்பு தேர்வோர் தம் கணக்கில் இச்செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் பழைய வில்லையைப் பார்க்கும்போது அதன் துளையை முழுதும் திறந்து வைத்து, பின்புறத்திலிருந்து சிறு கைவிளக்கை அடித்து, முன்புறத்தில் சற்றுச் சாய்வாக நோக்குக. இழைகள் இருந்தால் அவ்வொளியில் வெள்ளையாகத் தெரியும். சில தூசுகள் இருப்பதால் குற்றமில்லை. பிறகு அதனைத் தம் பெட்டியிலேயே பூட்டி, கடைவாசலில் நின்று, தெருவின் கோடியிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு அடித்துப் பார்க்கக் கடைக்காரர் முகம் சுளித்தால், அடுத்த கடைக்குப் போய்விடலாம்.